இலைதழையை ஊறவைத்து திரவ உரம்: மொட்டைமாடியில் நாற்றமில்லாமல் செய்வது எப்படி?

மாடிவாசி, பெரம்பூர்:

எல்லாருக்கும் வணக்கம். மூணு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் குரோ பேக் (செடி வளர்க்கிற பை) நாற்பது இருக்கு. செம்மண், தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் மூணும் சரிசமமாகக் கலந்தது. கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை, அவரை, நாலு பையில் அரைக்கீரையும் சிறுகீரையும். இலைதழையை ஊறவைத்து திரவ உரம் செய்ய நினைக்கிறேன். காம்பவுண்டுக்குள் ஒரு முருங்கை, ஒரு வேம்பு. தெருவில் பூவரசு, புங்கம், பக்கத்து வீட்டு நாட்டு வாதாம். வாதாம் சருகு தினமும் ஒரு கூடை விழுது, பெருக்கித் தள்ளவே நேரம் சரியாகுது. அதையே போட்டால் ஆகுமா?

எவ்வளவு இலைக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள், எப்படிக் கலந்து ஊற்றணும்? வெல்லம் போடணும்னு சிலர், கூடாதுன்னு சிலர். போர் தண்ணீர் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவு) 1,800 காட்டுது, மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியம் விடுறது) அளவாத்தான் வரும். மாடியில்தான் எல்லாரும் துணி காயப்போடுறாங்க, அதனால் நாற்றம் வந்தால் அடுத்த நாளே அசோசியேஷன் கூடிடும். இதை மட்டும் ஊற்றி செடி வளர்த்துடலாமா என்பதையும் சொல்லுங்க.


தழைச்சத்து, கொளத்தூர்:

வாதாம் சருகை முதலில் ஒதுக்கிவிடுங்கள் சார். மரம் இலையை உதிர்ப்பதற்கு முன்பே அதிலுள்ள தழைச்சத்தையும் (நைட்ரஜன்) மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) பெருமளவு கிளைக்குள் இழுத்துக்கொள்ளும். பழுத்து விழுகிற இலையில் மிஞ்சுவது பெரும்பாலும் நார். நாட்டு வாதாமில் துவர்ப்புப் பொருளான டானின் வேறு அதிகம், ஊறவைத்தால் தண்ணீர் டிகாக்‌ஷன் மாதிரி கறுக்கும். அந்தக் கறுப்பைப் பார்த்து சத்து இறங்கிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். அது வெறும் சாயம். மா இலையும் இதே கதைதான். சருகை பைகளில் மூடாக்காகப் போடுங்கள், வெயிலுக்கு மண் காயாமல் இருக்கும். மீதியை மட்க வையுங்கள்.

திரவ உரத்துக்கு வேண்டியது பச்சையாக, இளசாகப் பறித்த இலை. உங்களிடம் இருப்பதில் முருங்கை முதல் தரம். புங்கம் அவரைக் குடும்பம், தழைச்சத்து நன்றாக இருக்கும். பூவரசு நடுத்தரம், ஆனால் தாராளமாகக் கிடைக்கும். வேம்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவதை வேம்பு தாமதப்படுத்தும், கரைசல் பக்குவமாவதும் இழுக்கும். எங்காவது கிளிரிசிடியா, அகத்தி, கல்யாண முருங்கை, தூங்குமூஞ்சி மரத்துக் கொழுந்து கிடைத்தால் விடாதீர்கள். களையில் சாரணை, மூக்கிரட்டை போன்றவை நல்லவை, பூக்குமுன் பிடுங்கியதாக இருக்கணும். விதை விழுந்துவிட்டால் உரத்தோடு களையையும் சேர்த்து ஊற்றுவீர்கள். அரளி, பார்த்தீனியம், தைலமரம் மூன்றும் பக்கெட் பக்கமே வரக்கூடாது. எருக்கு போடலாம், ஆனால் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கையுறை போட்டு ஒடிக்கணும்.

இன்னொன்று. நோய் வந்த தக்காளி, கத்தரி, மிளகாய்ச் செடியின் தழையை இதில் போடாதீர்கள். வாடல் நோய்க் கிருமியும் தேமல் வைரஸ் சிலவும் ஒரு வார ஊறலில் சாகும் என்று நம்ப முடியாது.

இனி அளவு. நாற்பது பைக்கு 200 லிட்டர் டிரம் எல்லாம் தேவையில்லை. பைக்கு அரை லிட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 20 லிட்டர் கலந்த தண்ணீர் போதும். ஒன்றுக்குப் பத்து என்று கலந்தால் மூலக்கரைசல் 2 லிட்டர்கூட முழுசாகச் செலவாகாது. ஆகவே 1 கிலோ பச்சை இலை, 5 லிட்டர் தண்ணீர், 10 லிட்டர் மூடிபோட்ட பக்கெட். இரண்டு சுற்றுக்கு வரும், தீர்வதற்குள் அடுத்ததைப் போட்டுவிடலாம். நாற்றப் பிரச்சினையில் பாதி, தேவைக்கு மேல் செய்து மூலையில் வைப்பதால் வருவதுதான்.

இலையை அரை விரல் நீளத்துக்கு நறுக்கிக் கையால் கசக்குங்கள். முருங்கையைக் காம்போடு போடலாம், முற்றிய குச்சி வேண்டாம். மிக்சியில் அரைப்பது வேண்டாத வேலை: கூழாகி அடியில் காற்றே போகாமல் அழுகும், வடிகட்டவும் வராது. தண்ணீர் ஊற்றி, இலை மிதக்காமல் ஒரு பீங்கான் தட்டை மேலே கவிழ்த்து வையுங்கள். மேலே நாலு விரல் இடம் விடணும், இரண்டாம் நாளிலிருந்து நுரை ஏறும். நிழலில் வைத்து காலையும் மாலையும் குச்சியால் அடிவரை கிளறுங்கள், ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம். அடி கிளறாமல் மேலாகச் சுற்றினால் பலனில்லை.

சித்திரை, வைகாசி வெயிலில் 6, 7 நாளில் முடிந்துவிடும். மார்கழி, தை என்றால் 12 நாள்கூட ஆகும். நாளை எண்ணுவதைவிட அடையாளத்தைப் பாருங்கள். நுரை அடங்கியிருக்கணும், ஓர் இலையை எடுத்து விரலில் தேய்த்தால் சதை வழுக்கிக்கொண்டு போய் நரம்பு மட்டும் வலை மாதிரி கையில் நிற்கணும். அதற்குமேல் வைத்தால் லாபமில்லை. அம்மோனியாவாக மாறிய தழைச்சத்து காற்றோடு போய்க்கொண்டிருக்கும், மூக்கைக் குத்துகிற நெடி அதுதான்.

கொசுவலையில் ஒருமுறை, பழைய வேட்டித் துணியில் ஒருமுறை வடிகட்டுங்கள். 1 பங்குக்கு 10 பங்கு தண்ணீர், நாற்றுக்கு 20 பங்கு. கலந்தபின் வெளிறிய டீ நிறத்துக்கு வரணும். காய்ந்த மண்ணில் நேரடியாக ஊற்றாதீர்கள். முதலில் வெறும் தண்ணீர் விட்டு மண் நனைந்தபின், சாயங்காலத்தில், பத்து நாளுக்கு ஒருமுறை. இதில் பாதி மண்ணுக்குள் இறங்கி வேலை செய்யவே நாளாகும், மறுநாள் இலை பச்சையாகவில்லை என்று திரும்ப ஊற்றுகிறவர்கள்தான் வேரைக் கருக்குகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: மரச்சாம்பல், சுண்ணாம்பு இரண்டையும் கரைசலில் கலக்காதீர்கள். காரத்தன்மை ஏறியதும் அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். சாம்பல் போட ஆசைப்பட்டால் தனியாக, வேறொரு நாளில், பைக்கு ஒரு டீஸ்பூன் மண்ணில் போடுங்கள்.


ஏரிக்கரை, புழல்:

தழைச்சத்து சார் சொன்னது பழைய ஊறல் முறை. அபார்ட்மென்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். எவ்வளவு கிளறினாலும் நாலாம் நாள், அஞ்சாம் நாள் வாடை வரத்தான் செய்யும். கொரிய இயற்கை வேளாண்மையில் செய்வாங்களே, தழையை வெல்லத்தில் நொதிக்கவைக்கிற முறை, அதுதான் மாடிக்கு சரி. வாடை கள்ளுக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் ஒரு புளிப்பு, அவ்வளவுதான். மூடியைத் திறந்தால்தான் தெரியும்.

அரை கிலோ இளங்கொழுந்து, கால் கிலோ நாட்டுச் சர்க்கரை அல்லது தூள் பண்ண வெல்லம். வெள்ளை வெளேர்னு இருக்கிற வெல்லம் வேண்டாம். ஹைட்ராஸ் போட்டு வெளுத்திருப்பாங்க, நுண்ணுயிர் சரியா ஏறாது. கறுப்பா, பிசுபிசுன்னு இருக்கிறதை வாங்குங்க. விடிகாலையில், வெயில் ஏறுமுன் பறிக்கணும். ஒரு அடுக்கு தழை, ஒரு அடுக்கு சர்க்கரைன்னு கண்ணாடி ஜாடியில் அமுக்கி, முக்கால் ஜாடிக்கு மேல் போகாமல் நிறுத்தி, மேலே சுத்தமான கல் ஒண்ணு வையுங்க. மறுநாள் தழை தண்ணி விட்டு அடங்கியிருக்கும், கல்லை எடுத்துடலாம். வாயைத் துணியால் கட்டி நிழலில் 5 முதல் 7 நாள். மேலே வெள்ளையா ஆடை படிந்தால் பரவாயில்லை. பச்சை, கறுப்பு பூஞ்சாணம் வந்தால் சர்க்கரை குறைந்திருக்கு, அல்லது தழை சாறுக்கு மேலே நீட்டிக்கிட்டிருக்குன்னு அர்த்தம். அந்த மேல்பகுதியை எடுத்துப் போட்டுட்டு இன்னும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை தூவுங்க. ஜாடி முழுக்கப் பரவியிருந்தால் குப்பைதான்.

வடிகட்டின சாறு லிட்டருக்கு 2 மில்லி. அதுக்கு மேல் வேண்டாம். புளிப்பும் சர்க்கரையும் அதிகமானால் மண்ணில் எறும்பு வரும், எறும்பு வந்தால் பின்னாடியே மாவுப்பூச்சியும் வரும்.

புத்தகத்தில் தழையைக் கழுவாதேன்னு போட்டிருக்கும், இலை மேல் இருக்கிற நுண்ணுயிர்தான் நொதிக்க வைக்குதுன்னு. நம்ம பக்கம் லாரி போற ரோட்டோரத்து இலையில் என்ன படிஞ்சிருக்குன்னு வெள்ளைத் துணியில் துடைச்சுப் பாருங்க. அதைக் கழுவாமப் போடச் சொல்ல எனக்கு மனசு வராது. கழுவி, நிழலில் ஈரம் உலர்த்தி, புளிச்ச மோர் ஒரு ஸ்பூன் விடுங்க. போன நுண்ணுயிருக்கு ஈடாகிடும்.

பாட்டிலில் ஊத்தி மூடியை இறுக்கி வெச்சுடாதீங்க. வாயு சேர்ந்து பிளாஸ்டிக் பாட்டில் பந்து மாதிரி உப்பும், கண்ணாடின்னா வெடிக்கும்.


தழைச்சத்து, கொளத்தூர்:

வாடை விஷயத்தில் ஏரிக்கரை சொல்வது சரி. ஆனால் அதை உரம் என்று சொல்லவேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

1 கிலோ பச்சை கிளிரிசிடியா மாதிரி நல்ல தழையில் தண்ணீர் போனால் மிஞ்சுவது சுமார் 200 கிராம். அதில் தழைச்சத்து மூன்றரை சதவீதம் என்று வைத்தால் 7 கிராம். பாதி கரைந்து இறங்கினாலும் 5 லிட்டர் ஊறலில் 3.5 கிராம், அதாவது லிட்டருக்கு 700 மில்லிகிராம். பத்து மடங்கு தண்ணீர் சேர்த்தால் சுமார் 65. செடி உணரக்கூடிய அளவு. உங்கள் முறையில் 1 கிலோ தழைக்கு முக்கால் லிட்டர் சாறு வரும். 7 கிராமும் முழுசாக இறங்கியதாகவே வைத்துக்கொண்டாலும் 500 மடங்கு நீர்க்கும்போது லிட்டருக்கு 20 மில்லிகிராம்கூட இல்லை. அது வளர்ச்சியூக்கி, மண்ணின் நுண்ணுயிருக்குத் தீனி. நல்லதுதான், வேலை வேறு.

மாடிவாசி கேட்ட கடைசிக் கேள்விக்கும் இதே கணக்கில் பதில் இருக்கிறது. லிட்டருக்கு 65 மில்லிகிராம் உள்ள தண்ணீரை அரை லிட்டர் விட்டால் பைக்குப் போவது 30 மில்லிகிராம் சொச்சம். பத்துத் தடவை ஊற்றினாலும் அரை கிராம் வராது. ஒரு தக்காளிச் செடி காய்த்து முடிப்பதற்குள் சில கிராம் தழைச்சத்து கேட்கும். அந்தச் சில கிராம் இரண்டு கைப்பிடி நல்ல மண்புழு உரத்தில் இருக்கிறது. ஆகவே மாதம் ஒருமுறை பைக்கு 200 கிராம் மண்புழு உரம் மேல்மண்ணைக் கிளறிப் போடுங்கள். இலைக்கரைசல் சோற்றுக்குக் குழம்பு, சோறு அல்ல. மொத்த 1 கிலோ இலையிலிருக்கும் தழைச்சத்து 15 கிராம் யூரியாவில் இருப்பதற்குச் சமம், அவ்வளவுதான். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்.

பின் எதற்கு இதைச் செய்ய வேண்டும் என்றால், வேகத்துக்காக. ஐப்பசி, கார்த்திகை மழையில் பைகளிலிருந்து சத்தெல்லாம் அடித்துக்கொண்டு போய் அடியிலைகள் மஞ்சளாகும்போது, மண்புழு உரம் கரைந்து வரக் காத்திருக்க முடியாது. அப்போது இது கைகொடுக்கும். சாம்பல்சத்து எனப்படும் பொட்டாசியம் இலைநாரோடு ஒட்டாமல் சாற்றிலேயே இருப்பதால் இரண்டு மூன்று நாளிலேயே பெரும்பங்கு தண்ணீரில் இறங்கிவிடும். மணிச்சத்து சொற்பம். சுண்ணாம்புச்சத்து எனப்படும் கால்சியம் பெரும்பாலும் சக்கையிலேயே நின்றுவிடும்.


உவர்மண், திருவொற்றியூர்:

இலையைப் பற்றி எல்லாம் பேசிட்டீங்க, 1,800 டி.டி.எஸ். போர் தண்ணியை யாரும் தொடலை. வடசென்னையில் தோட்டம் தோற்கிறது பாதி அதில்தான்.

மீஞ்சூர்ப் பக்கம் 1960-களின் கடைசியிலேயே நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறினது பதிவாகியிருக்கு. கடற்கரை ஒட்டின நம்ம ஏரியாக்களில் போர் தண்ணியில் உப்பு மட்டும் இல்ல, சல்ஃபேட்டும் சேர்ந்து வரும். அதில் தழையை ஊறவெச்சால், காற்றில்லாத அடிப்பகுதியில் ஒருவகை பாக்டீரியா அந்த சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடா மாத்தும். அழுகின முட்டை நாத்தம் அங்கிருந்துதான். ஒரே இலை, ஒரே பக்கெட், மழைத்தண்ணியில் போட்டால் வைக்கோல் வாடையோட நிக்கும், போர் தண்ணியில் போட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். முருங்கையிலேயே கந்தகம் சேர்ந்த பொருள்கள் இருக்கு, முள்ளங்கி, முட்டைகோஸ் தழையிலும் அப்படித்தான். மார்க்கெட்டில் ஒதுக்கிப்போடுற காலிஃப்ளவர் இலையை மூட்டையா அள்ளி வந்து ஊறவைக்கிறவங்களுக்கு இது பொருந்தும். மொத்தத் தழையில் முருங்கை பாதிக்கு மேல் வேண்டாம், புங்கம், பூவரசோட கலங்க.

அடுத்து உப்பு. நீர்த்த இலைக்கரைசலே சுமார் 200, 300 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்) கூட்டும். 1,800-ல் கலந்தால் 2,100. அவரையும் கத்தரியும் உப்புக்கு ரொம்பக் கூச்சப்படும், மிளகாயும் கொஞ்சம் அப்படித்தான், தக்காளி ஓரளவு தாங்கும். தரையில் இருக்கிற மண்ணுன்னா உப்பு கீழே இறங்கிடும். பையில் எங்கே போகும்? வெயில் தண்ணியை உறிஞ்ச உறிஞ்ச உப்பு மட்டும் தங்கி, பை ஓரத்தில் வெள்ளையாப் பூக்கும். இலை நுனியும் ஓரமும் காய்ஞ்சு பழுப்பாகும். அதைப் பார்த்து சத்து குறைவுன்னு நினைச்சு இன்னும் கொஞ்சம் கரைசல் ஊத்துவாங்க. முடிஞ்சது செடி.

ஊறவைக்கிற 5 லிட்டருக்கு மெட்ரோ தண்ணி மட்டும். ராத்திரி திறந்து வெச்சால் குளோரின் போயிடும். நீர்க்கிறதுக்கு போர் ஒரு பங்கு, மெட்ரோ ரெண்டு பங்கு. மெட்ரோ 300-ன்னு வெச்சால் கலவை 800-க்கு வரும். ஏசி சொட்டுத் தண்ணியில் உப்பே கிடையாது, பாதிக்குப் பாதி கலந்தால் 900 சொச்சம். ஆர்.ஓ. கழிவுத் தண்ணியை மட்டும் தொடாதீங்க, அதில் உப்பு கூடுதலா இருக்கும். கரைசலும் கலந்தபிறகு டி.டி.எஸ். பேனாவை விட்டுப் பாருங்க, 1,200-க்குள் நிக்கணும், நாற்றுக்கு 600. பதினைஞ்சு நாளுக்கு ஒருமுறை உரம் எதுவும் கலக்காம, பை கொள்ளளவுக்கு ரெண்டு மடங்கு நல்ல தண்ணி விட்டு அடியில் வழிய விடுங்க. ஐப்பசி மழை இதை இலவசமாச் செஞ்சு கொடுக்கும். அந்த மழையை ரெண்டு டிரம்மில் பிடிச்சு மூடி வெச்சுக்கிட்டால் தை வரைக்கும் கவலையில்லை.


மாடிவாசி, பெரம்பூர்:

கணக்கோட சொன்னதுக்கு ரொம்ப நன்றி. அப்போ 1 கிலோ தழை, 5 லிட்டர் மெட்ரோ தண்ணீர்னு வைச்சுக்கிறேன். இன்னும் சில சந்தேகம். மீன்தொட்டிக்குப் போடுற ஏர் பம்ப் ஒண்ணு சும்மா கிடக்கு, பக்கெட்டில் விட்டால் நாற்றம் குறையுமா? கொசு வராமல் என்ன செய்யணும்? மாநகராட்சியிலிருந்து கொசு ஒழிப்புப் பணியாளர்கள் மாடி ஏறி டிரம்மெல்லாம் பார்க்கிறாங்க. கீரைக்கு இதைத் தெளிக்கலாமா? அப்புறம், ஆயுத பூஜை முடிஞ்சதும் ஒவ்வொரு மெக்கானிக் ஷெட் வாசலிலும் வாழைக்கன்று குவியுமே, அது உதவுமா?


கீரைப்பாத்தி, மாதவரம்:

ஏர் பம்ப் நல்ல யோசனை தம்பி. காற்றுக்கல்லை அடியில் வைத்து இரவும் பகலும் ஓடவிட்டால் அழுகின முட்டை வாடை வராது. குச்சியால் கிளறும் வேலையும் மிச்சம், ஆனால் ஒருநாளைக்கு ஒருமுறை தழையைப் புரட்டிவிடணும். பம்பை பக்கெட்டின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடு. கீழே வைத்தால் கரண்ட் போனதும் கரைசல் ட்யூப் வழியாகத் திரும்பி இறங்கி பம்புக்குள் போய்விடும். நுரை பொங்கினால் நல்லெண்ணெய் நாலு சொட்டு போதும், அடங்கிவிடும். பம்ப் போட்ட கரைசலை நிறுத்திய அன்றைக்கே ஊற்றிவிட வேண்டும். காற்றிலேயே வளர்ந்த நுண்ணுயிர்கள் காற்று நின்றதும் செத்து, சில மணி நேரத்தில் சாக்கடை வாடை வந்துவிடும். நாளைக்கு ஊற்றலாம் என்று மூடி வைக்காதே.

கொசு விஷயம் விளையாட்டில்லை. வீட்டில் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் டெங்கு கொசு என்றால், தழை அழுகின தண்ணீர் க்யூலெக்ஸ் கொசுவுக்கு ரொம்பப் பிடித்தது. முட்டையிட வரும் க்யூலெக்ஸைப் பிடிப்பதற்கான பொறிகளில் புல் ஊறின தண்ணீரைத்தான் ஆய்வாளர்கள் வைக்கிறார்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும், அதாவது உன் கரைசல் தயாராகிற அதே நேரம். பக்கெட் மூடியில் நாலு சின்ன ஓட்டை போட்டு, அதற்கு அடியில் காடாத்துணி இரண்டு மடிப்பு விரித்து, சைக்கிள் ட்யூபை வெட்டி வளையமாகச் சுற்றி இறுக்கு. காற்று போகும், கொசு போகாது. சாதாரண கொசுவலை ஓரத்தில் இடுக்கு விடும், அதை மட்டும் நம்பாதே. புழு நெளிவது தெரிந்தால் மருந்தெல்லாம் தேடவேண்டாம். உடனே வடிகட்டி, நீர்த்து, மண்ணில் ஊற்றிவிடு. மண்ணில் புழு பிழைக்காது. பக்கெட்டைத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிடு, ஓரத்தில் ஒட்டிய முட்டை போய்விடும்.

கீரைக்கு இலைமேல் தெளிக்கவே கூடாது. அழுகின தழைத்தண்ணீரில் எந்தக் கிருமி இருக்கும் என்று சொல்ல முடியாது, சாணமோ கோமியமோ கலந்திருந்தால் இன்னும் மோசம். மண்ணில் மட்டும், தரையோடு ஒட்டி ஊற்று. அறுப்பதற்குப் பதினைந்து நாள் முன்பே நிறுத்திக்கொள். சிறுகீரையை நாலு வாரத்தில் அறுப்பதாக இருந்தால் விதைத்த பத்தாம் நாள் ஒருதடவை, அத்தோடு சரி. கொத்தமல்லி, புதினா மாதிரி பச்சையாகச் சாப்பிடுவதற்கு இந்தக் கரைசலே வேண்டாம், மண்புழு உரம் போதும்.

இதை பூச்சிவிரட்டி என்று நினைத்து இலையில் அடிப்பவர்களும் உண்டு. ஐந்திலைக் கரைசல் வேறு. அதில் நொச்சி, ஆடாதொடை மாதிரி ஆடு தொடாத தழைகளோடு எருக்கு, வேம்பு எல்லாம் சேர்த்து கோமியத்தில் ஊறவைப்பது, பூச்சிக்காகவே செய்வது. இதில் முருங்கையும் புங்கமும் போட்டுவிட்டு மாவுப்பூச்சி சாகவில்லை என்று குறைப்பட்டுப் பயனில்லை.

வாழைக்கன்று தாராளமாக எடு. தண்டில் சாம்பல்சத்து நிறைய. தண்டைச் சின்னச் சின்ன வில்லையாக வெட்டி, தழையில் மூன்றில் ஒரு பங்காகச் சேர். பூ எடுக்கிற சமயத்தில் தழைச்சத்து மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் தக்காளி காடு மாதிரி இலைவிட்டு நிற்கும், பூ வராது. பூ தெரிந்ததும் முருங்கையைக் குறைத்து வாழையைக் கூட்டு. தண்டில் சுற்றின கலர்ப் பேப்பர், கம்பி, குங்குமம் தெளித்த மட்டை எல்லாம் உரித்துப் போட்டுவிட்டுத்தான் வெட்டணும். வாழைப்பால் துணியில் பட்டால் கறை போகவே போகாது.

ஆகாயத்தாமரையை யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா என்கிற ஓடை ஓரம் பச்சையாக அடர்ந்து கிடக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். தண்ணீரில் இருக்கிற கன உலோகத்தை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தொழிற்சாலைக் கழிவு போகிற நீர்வழியிலிருந்து எடுத்து சாப்பிடுகிற செடிக்குப் போடவே கூடாது.


ஏரிக்கரை, புழல்:

தழைச்சத்து சார் கணக்கை ஒத்துக்கிறேன். ஆனா ரெண்டையும் சேர்த்து செய்யலாமே? 5 லிட்டர் ஊறலில் முதல் நாளே 50 கிராம் வெல்லம், ஒரு கரண்டி புளிச்ச மோர். ஆரம்பத்திலேயே புளிப்பு ஏறினால் அழுகல் கிருமிகள் பின்னால தள்ளப்படும், வாடை பாதியாக் குறையும். புளிப்பில் அம்மோனியாவும் பறக்காம கரைசலிலேயே நிக்கும்.

மீன் அமிலத்தையும் யாராவது சொல்வீங்கன்னு பார்த்தேன். காசிமேட்டில் செவுள், குடல் எல்லாம் கேட்டால் கிடைக்கும். மீன் கழிவு 1 கிலோ, நாட்டுச் சர்க்கரை 1 கிலோ, மூணு வாரத்துக்கு மேல் மூடிய டப்பாவில். லிட்டருக்கு 5 மில்லி. தழைச்சத்து கூடுதலா வரும், இலைக்கரைசலில் இல்லாத மணிச்சத்தும் கொஞ்சம் வரும். ஆனால் பூனை உள்ள தெருன்னா டப்பா மேல் கல் வைக்காம விடாதீங்க.


தழைச்சத்து, கொளத்தூர்:

50 கிராம் வரை சரி. அதற்குமேல் போனால் வேறு சிக்கல். வெல்லம் கரிமம். நொதித்து முடியாத சர்க்கரை மண்ணுக்குள் போனால் அங்குள்ள நுண்ணுயிர்கள் திடீரென்று பெருகி, தங்கள் தேவைக்கு மண்ணிலிருக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். உரம் ஊற்றிய பிறகு செடி மஞ்சளாகிறது என்று வருகிற புகார்களில் இது ஒன்று. 5 லிட்டருக்கு அரை கிலோ வெல்லம் போடச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்துச் செய்தவர்களுக்கு இதுதான் நடக்கும்.

தக்காளி அடியில் கறுத்து அழுகினால் இந்தக் கரைசலால் சரியாகாது. அது சுண்ணாம்புச்சத்தும் சீரான தண்ணீரும் இல்லாததால் வருவது, தேங்காய் நார்த்தூள் கலந்த பையில் கூடுதலாகவே வரும். முட்டை ஓட்டை வறுத்துப் பொடித்து, ஒரு பங்கு ஓட்டுக்குப் பத்துப் பங்கு வினிகர் விட்டு, குமிழி அடங்கும்வரை திறந்து வைத்து, வடிகட்டி லிட்டருக்கு 1 மில்லி. இலைக்கரைசலோடு ஒரே நாளில் கலக்கவேண்டாம்.


மாடிவாசி, பெரம்பூர்:

வடிகட்டின சக்கையை என்ன செய்யறது? அப்படியே பை மேல் போட்டால் ஆகுமா? மீதமாகிற கரைசல் எத்தனை நாள் தாங்கும்?


கீரைப்பாத்தி, மாதவரம்:

மேலே போட்டால் ஈ மொய்க்கும், தண்டோடு ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகும். பை ஓரமாக இரண்டு அங்குலம் பள்ளம் பறித்து, ஒரு பைக்கு ஒரு கைப்பிடி சக்கை, மேலே மண் மூடி, அதற்குமேல் உன் வாதாம் சருகு. சுண்ணாம்புச்சத்து அதில்தான் நிற்கிறது, வீணாக்காதே. ஒரு பிடி சக்கையை மட்டும் அடுத்த பக்கெட்டுக்கு உறையாகப் போடு, அது இரண்டு நாள் முன்னதாகவே தயாராகிவிடும். போன பக்கெட் நாறியிருந்தால் அதிலிருந்து உறை எடுக்காதே.

கரைசல் நிழலில், மூடி தளர்வாக, பத்து நாள். அடுத்த சுற்றுக்குச் சரியாக வரும். நீர்த்ததை அன்றைக்கே முடித்துவிடு. மாடியில் நேர்வெயிலில் வைத்தால் பத்து நாளெல்லாம் கிடையாது, இரண்டு நாளில் நெடி ஏறும். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வை. துணிக்கொடி எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்துக்கொள், சாயங்காலம் கடல்காற்று கிழக்கிலிருந்து வரும்.